பாகுத்தன்மை போகிறது, ஆனால் உடைப்பது எந்தத் தனி உறுப்பு? ஹையலுரோனிக் அமிலக் கரைசலின் ஈஎஸ்ஆர் நிறமாலை பற்றி உதவி தேவை

மீனலை (திங்கள், இரவு 10:42)

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வு மாணவி. மூட்டுத் திரவத்தில் இருக்கும் ஹையலுரோனிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியை (பாலிசாக்கரைடு) ஹைட்ராக்சில் தனி உறுப்பு (ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள துண்டு, ரேடிக்கல்) எப்படி உடைக்கிறது என்பதுதான் என் வேலை. அதில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

செய்தது இதுதான். 2 மி.கி./மி.லி. ஹையலுரோனிக் அமிலம், பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.4. அதில் ஈடிடிஏ (இரும்பைக் கவ்வும் சேர்மம்) சேர்த்த ஃபெரஸ் சல்பேட், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் ஹைட்ராக்சில் உண்டாகும். பாகுத்தன்மை அளக்கும் ஆஸ்ட்வால்ட் குழாயில் கரைசல் இறங்கும் நேரம் பத்தே நிமிடத்தில் 212 வினாடியிலிருந்து 130-க்கு வந்துவிட்டது. சங்கிலி உடைகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

அடுத்து அதே கலவையில் 100 மில்லிமோலார் டிஎம்பிஓ (குறுகிய ஆயுளுள்ள தனி உறுப்பைப் பிடித்து வைக்கும் 'பொறி') போட்டு ஈஎஸ்ஆர் (ஜோடியில்லாத எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் காணும் நிறமாலை) எடுத்தேன். 1:2:2:1 உயரத்தில் அழகான நான்கு கோடுகள், இடைவெளி 14.9 காஸ் (காந்தப்புல அலகு). என் வழிகாட்டி பார்த்துவிட்டு, "இதில் பாலிசாக்கரைடின் உறுப்பு எங்கே?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பொறியின் அளவை இன்னும் கூட்டினால் தெரியுமா?

இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் அம்மா. அவருக்கு முடக்குவாதம். ஒருமுறை முழங்காலில் கோத்திருந்த நீரை எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நல்ல மூட்டுத் திரவம் ஊசி முனையிலிருந்து நூல் மாதிரி இழுபடும் என்று மருத்துவர் சொன்னார். அம்மாவுடையது தண்ணீர் போலச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த நூலை அறுத்தது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய_ஸ்பெக்ட்ரம் (திங்கள், இரவு 11:30)

மீனலை, பொறியைக் கூட்டாதேம்மா. குறைக்க வேண்டும்.

நீ பார்த்த நான்கு கோடு டிஎம்பிஓ ஹைட்ராக்சிலைப் பிடித்ததால் வந்தது. பொறியின் நைட்ரஜன் கோட்டை மூன்றாகவும், அடுத்த கார்பனிலுள்ள பீட்டா ஹைட்ரஜன் ஒவ்வொன்றையும் இரண்டாகவும் பிளக்கும். அந்தப் பிளவுகள் இரண்டுமே 14.9 காஸ். அதனால் ஆறு கோடு வர வேண்டிய இடத்தில் நடுக்கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நான்காகத் தெரிகின்றன. கார்பன் மையத் தனி உறுப்பைப் பிடித்திருந்தால் நைட்ரஜனுக்கு 16 காஸ் அளவிலும், ஹைட்ரஜனுக்கு 22, 23 காஸ் அளவிலும் பிளவு இருக்கும். ஆறு கோடும் தனித்தனியாக நிற்கும். உன் படத்தில் அது இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. டிஎம்பிஓ ஹைட்ராக்சிலோடு வினைபுரியும் வேக மாறிலி சுமார் 340 கோடி (மோலாருக்கு, வினாடிக்கு). 0.1 மோலாரால் பெருக்கினால் வினாடிக்கு 34 கோடி. ஹையலுரோனிக் அமிலத்தின் இருசர்க்கரை அலகு சோடியம் உப்பாக 401 அளவில் எடையுள்ளது. 2 மி.கி./மி.லி. என்றால் 5 மில்லிமோலார் அலகுகள். அலகுக்கு வேக மாறிலி 100 கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொள். பெருக்கினால் வினாடிக்கு 50 லட்சம். 34 கோடிக்கு எதிரே 50 லட்சம். உருவாகிற ஹைட்ராக்சிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பொறிக்குத்தான் போகிறது. சங்கிலியைத் தொடவே நீ விடவில்லை.

பொறி போட்ட குழாயில் பாகுத்தன்மையை அளந்து பார். இறங்கும் நேரம் அவ்வளவாகக் குறைந்திருக்காது.

ஓட்ஸ்கஞ்சி (செவ்வாய், காலை 7:15)

உணவு வேதியியல் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்களுக்கும் இதே தொல்லை உண்டு, சர்க்கரைதான் வேறு. ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கும் பீட்டா குளுக்கான் கரைசலில் வைட்டமின் சி போட்டால் கஞ்சி நீர்த்துப்போகும். அஸ்கார்பிக் அமிலம் சுவடளவு இரும்பை ஃபெரஸாக மாற்றுகிறது, கரைந்திருக்கும் ஆக்சிஜனிலிருந்து பெராக்சைடும் உண்டாகிறது. அப்புறம் 1894-இல் ஃபென்டன் டார்டாரிக் அமிலத்தில் பார்த்த அதே வினை. உடம்புக்கு நல்லது என்று ஒரு பானத்தில் இரண்டையும் சேர்க்கிறோம், ஒன்று மற்றொன்றை அரித்துவிடுகிறது.

மீனலை, கட்டுப்பாட்டுச் சோதனைகள் என்னென்ன செய்தீர்கள்? ஃபெரிக் இரும்பு இருந்தால் தண்ணீரே டிஎம்பிஓவில் ஏறி அதே நான்கு கோட்டைக் கொடுக்கும். ஹைட்ராக்சில் இல்லாமலே ஹைட்ராக்சிலின் கையெழுத்து. அதைப் பிரித்தறிய எத்தனால் போட்டுப் பாருங்கள். ஹைட்ராக்சில் உண்மையிலேயே இருந்தால் எத்தனால் அதைப் பிடித்து ஹைட்ராக்சிஎத்தில் உறுப்பாக மாறும், நான்கு கோடு குறைந்து ஆறு கோடு எழும் (15.8, 22.8 காஸ்). தண்ணீர் ஏறியதால் வந்த கோடு என்றால் எத்தனால் போட்டாலும் அப்படியே நிற்கும். பெராக்சைடை அழிக்கும் நொதியான கேட்டலேஸ் போட்ட ஒரு குழாயும் வையுங்கள்.

பஃபர் பாஸ்பேட் என்பது நல்லது. டிரிஸ், ஹெப்பிஸ் என்ற பஃபர்கள் இரண்டும் ஹைட்ராக்சிலை விழுங்கும். ஆனால் பாஸ்பேட் உப்பிலேயே இரும்புச் சுவடு இருக்கும். உலோகச் சுவட்டைப் பிடிக்கும் செலெக்ஸ் பிசினில் ஒருமுறை ஓட்டிவிட்டீர்களா?

மீனலை (செவ்வாய், இரவு 9:50)

பழைய_ஸ்பெக்ட்ரம் ஐயா, நீங்கள் சொன்னபடி அளந்தேன். பொறி இல்லாத குழாய் 130 வினாடி, பொறி உள்ள குழாய் 205. இந்தக் கணக்கை முன்பே போட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஓட்ஸ்கஞ்சி, எத்தனால் சோதனை செய்தேன். ஆறு கோடு வந்தது, நான்கு கோடு ஏறக்குறையப் படுத்துவிட்டது. ஹைட்ராக்சில் உண்மையானதுதான். பஃபரை செலெக்ஸில் ஓட்டவில்லை, இனி ஓட்டுகிறேன்.

துடிப்பு (புதன், காலை 11:05)

நான் கதிரியக்க வேதியியல்காரன். எனக்கு ஒரு அடிப்படை மறுப்பு உண்டு. பொறி வைத்துப் பிடிப்பது எப்போதும் மறைமுக வழிதான். பொறியில் மாட்டியது எது என்று தெரியுமே தவிர, கரைசலில் அதிகமாக இருந்தது எது என்று தெரியாது. துடிப்புக் கதிர்ப்பகுப்பில் அந்தச் சிக்கல் இல்லை. எலக்ட்ரான் துடிப்பு ஒன்று கொடுத்தால் தண்ணீரே உடைந்து ஹைட்ராக்சில் தரும். கரைசலை நைட்ரஸ் ஆக்சைடால் நிறைத்துவிட்டால் நீரேற்ற எலக்ட்ரானும் ஹைட்ராக்சிலாக மாறிவிடும். அப்போது ஒரு ஜூலுக்கு சுமார் 0.56 மைக்ரோமோல் ஹைட்ராக்சில், துல்லியமாகத் தெரிந்த அளவு. இரும்பு வேண்டாம், ஈடிடிஏ வேண்டாம், பெராக்சைடு வேண்டாம். மைக்ரோவினாடியில் புற ஊதா உறிஞ்சலைப் பார்த்துச் சங்கிலி உறுப்பின் ஆயுளை நேரடியாக அளக்கலாம்.

இரும்பைப் பற்றி இன்னொன்று. ஹையலுரோனிக் அமிலம் போன்ற யூரோனிக் அமிலச் சங்கிலியின் கார்பாக்சிலேட்டில் இரும்பு போய் ஒட்டிக்கொள்ளும். அங்கேயே ஹைட்ராக்சில் உருவாகி அங்கேயே கடிக்கும். இரும்பும் பெராக்சைடும் சேர்க்கும் ஃபென்டன் முறையில் கிடைக்கிற உடைவு இடம் சங்கிலியின் இயல்பா, இரும்பு உட்கார்ந்த இடமா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

பழைய_ஸ்பெக்ட்ரம் (புதன், மாலை 6:20)

துடிப்பு, இரும்பு ஒட்டுவது பற்றி நீங்கள் சொன்னது முழுக்க சரி. ஈடிடிஏ அதைக் குறைக்கும், அறவே நீக்காது. அதனால் மீனலை ஒரு தொகுதி மாதிரியை இரும்பே இல்லாமல் காமாக் கதிரிலோ, பெராக்சைடைப் புற ஊதா ஒளியில் உடைத்தோ செய்துபார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே நிறமாலை வந்தால் பயமில்லை.

ஆனால் ஆயுளை அளப்பது வேறு, ஆளை அடையாளம் காண்பது வேறு. சர்க்கரை உறுப்புகளின் புற ஊதா உறிஞ்சல் எல்லாம் அகலமான, முகமில்லாத சரிவு. 2ஆம் கார்பனில் உட்கார்ந்த எலக்ட்ரானுக்கும் 5ஆம் கார்பனில் உட்கார்ந்ததற்கும் அங்கே வேறுபாடு தெரியாது. ஈஎஸ்ஆரில் ஒவ்வொரு அண்டை ஹைட்ரஜனும் கோட்டைப் பிளக்கிறது, அந்தப் பிளவுதான் முகவரி.

பொறியே இல்லாமல் நேரடியாகப் பார்க்கும் வழியும் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் டிக்சனும் நார்மனும் கொண்டுவந்த ஓட்ட முறை. டைட்டானியம் 3+ கரைசலும் பெராக்சைடும் ஈஎஸ்ஆர் குழிக்குச் சற்று முன்னால் சந்தித்து, சில மில்லிவினாடியில் குழிக்குள் பாயும். இதே முறையில் பிற்பாடு இங்கிலாந்தின் யார்க் நகரில் கில்பர்ட் குழுவினர் குளுக்கோஸைப் பார்த்தபோது ஹைட்ராக்சில் ஒரு கார்பனை மட்டும் தேடிப் போகவில்லை, வளையத்தின் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கடிக்கிறது என்று தெரிந்தது. 1996-இல் ஹாக்கின்ஸும் டேவிஸும் ஹையலுரோனிக் அமிலத்துக்கே ஈஎஸ்ஆர் செய்தார்கள். ஆனால் ஓட்ட முறை லிட்டர் கணக்கில் கரைசலைக் குடிக்கும். ஹையலுரோனிக் அமிலத்தின் விலைக்கு ஒரு மாணவிக்கு அது கட்டுப்படியாகாது.

மீனலைக்கு நான் சொல்லும் வழி எம்என்பி என்ற வேறொரு பொறி, அதாவது 2-மெத்தில்-2-நைட்ரோசோபுரோப்பேன். டிஎம்பிஓ பிடித்த உறுப்பு பொறியின் கார்பனில் போய் ஒட்டும், நைட்ரஜனிலிருந்து ஒரு படி தள்ளி. அதனால் "ஏதோ ஒரு கார்பன்" என்பதோடு சேதி நின்றுவிடும். எம்என்பியில் உறுப்பு நேராக நைட்ரஜனிலேயே ஒட்டும். பிடிபட்ட கார்பனில் எத்தனை ஹைட்ரஜன் மிச்சம் இருக்கிறது என்பதைக் கோடே சொல்லும். ஹைட்ராக்சிலைப் பிடித்தால் அந்தச் சேர்மம் நிலைக்காது, ஆகவே அது படத்தை மறைக்காது.

நான்கு எச்சரிக்கை. எம்என்பி வெள்ளைத் திடப்பொருளாக வரும், அது இரட்டை மூலக்கூறு, அந்த நிலையில் பொறியாக வேலை செய்யாது. மெல்லக் கரைந்து நீலம் பாயும்வரை காத்திரு, அதுதான் வேலை செய்கிற ஒற்றை. இரண்டாவது, வெளிச்சம் படக்கூடாது. மூன்றாவது, ஆர்கானைக் குறைந்தது அரை மணி நேரம் கொப்பளிக்க விடு. காற்று படிந்த நீரில் ஆக்சிஜன் 0.25 மில்லிமோலார்தான், ஆனால் கார்பன் உறுப்போடு அதன் வேகம் 200 கோடி, வினாடிக்கு 5 லட்சம். எம்என்பிக்கு வேக மாறிலி ஒரு கோடி என்று வைத்தால்கூட 10 மில்லிமோலாரில் வினாடிக்கு ஒரு லட்சம்தான். ஆக்சிஜன் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் பெராக்சில் (ஆக்சிஜன் ஏறிய உறுப்பு) ஆக்கிவிடும். நான்காவது, பாலிசாக்கரைடின் செறிவைக் கூட்டு. 10 மி.கி. வரை போ, அதற்கு மூலக்கூறு எடை குறைந்த வகையை வாங்கு.

மீனலை (மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மாலை 5:40)

இன்றுதான் கருவி கிடைத்தது. கரைசலை முந்தின இரவே குளிரறையில் ஊற வைத்திருந்தேன். தூளை ஒரே தடவை கொட்டினால் உள்ளே உலர்ந்தும் வெளியே வழவழப்பாகவும் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால்தான் கரைகிறது. தட்டைக் குழாயில் ஏற்றும்போது நடுவில் ஒரு குமிழி மாட்டி, இந்தப் பாகில் அது மேலே வரவே மாட்டேன் என்கிறது. மூன்று தடவை கழுவித் திரும்ப ஏற்றினேன்.

ஆனால் வந்துவிட்டது! கூர்மையான மூன்று கோடு, சம உயரம், ஹைட்ரஜன் பிளவே இல்லை. அப்படியென்றால் பிடிபட்ட கார்பனில் ஹைட்ரஜன் இல்லை, வளையத்தின் கார்பன்தானே? இடைவெளி 17.1 காஸ். ரொம்ப நன்றி ஐயா.

பழைய_ஸ்பெக்ட்ரம் (வெள்ளி, இரவு 8:10)

உன் மகிழ்ச்சி புரிகிறது. இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். 17.1 காஸ் சர்க்கரை இல்லை. எம்என்பி வெளிச்சத்தில் உடைந்து, அந்தத் துண்டை இன்னொரு எம்என்பி பிடித்து உண்டாகிற டை-டெர்ட்-பியூட்டைல் நைட்ராக்சைடு. தண்ணீரில் அதன் கையெழுத்தே 17 காஸ் மூன்று கோடு. சர்க்கரை உறுப்பின் சேர்மத்துக்கு 15, 16 காஸ்தான் வரும்.

இன்னொரு தடயமும் உன் பதிவிலேயே இருக்கிறது, "கூர்மையான" என்று எழுதியிருக்கிறாய். லட்சக்கணக்கில் எடையுள்ள சங்கிலியில் ஒட்டிய நைட்ராக்சைடு (பொறி உறுப்பைப் பிடித்ததும் உண்டாகும் சேர்மம்) வேகமாகச் சுழல முடியாது. கோடுகள் அகன்று, அதிலும் வலது ஓரக் கோடு அமுங்கிக் கிடக்க வேண்டும். கூர்மையாக இருப்பது சின்ன மூலக்கூறுதான்.

பாலிசாக்கரைடு சேர்க்காமல் பொறி மட்டும் போட்ட ஒரு குழாயை எடுத்துப் பார்த்தாயா?

மீனலை (வெள்ளி, இரவு 8:55)

எடுக்கவில்லை. எம்என்பி புட்டியைத் தாளில் சுற்றியிருந்தேன், ஆனால் குழாயில் ஏற்றும்போது மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குமிழிக்காக மூன்று தடவை ஏற்றியதில் இருபது நிமிடமாவது வெளிச்சம் பட்டிருக்கும்.

ஓட்ஸ்கஞ்சி (சனி, காலை 6:30)

எங்கள் கூடத்தில் இதற்கென்றே ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறோம், பழைய புகைப்பட இருட்டறையில் இருக்குமே, அது மாதிரி. நீல ஒற்றை மூலக்கூறு உறிஞ்சுவது சிவப்பு ஒளியைத்தான், அதனால் அந்த விளக்கையும் மங்கலாக, தூரமாக வையுங்கள். குமிழிக்கு ஒரு யோசனை: ஏற்றுவதற்கு முன் ஊசியோடு சேர்த்து மெதுவாக மையவிலக்கில் இரண்டு நிமிடம் சுற்றுங்கள். பாகு அடியில் தங்கும், குமிழி மேலே வந்துவிடும்.

மீனலை (இரண்டு வாரம் கழித்து, வியாழன், இரவு 10:20)

மீண்டும் செய்தேன். இந்த முறை பொறி மட்டும், பொறியும் இரும்பும், பொறியும் ஹையலுரோனிக் அமிலமும், முழுக் கலவை என்று நான்கு குழாய். முதல் மூன்றிலும் 17.1 காஸ் கோடு லேசாக இருந்தது, அவ்வளவுதான். முழுக் கலவையில் அதற்கு அடியில் மலைத்தொடர் மாதிரி ஒரு அகன்ற வடிவம். இடது பக்கம் உயர்ந்து, வலது பக்கம் அமுங்கி. நீங்கள் எழுதியது அப்படியே கண்முன் வந்தபோது கை நடுங்கியது.

ஆனால் அந்த மேட்டிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. எந்தப் பிளவும் தெரியவில்லை.

பழைய_ஸ்பெக்ட்ரம் (வெள்ளி, காலை 5:50)

அதுதான் உன் சங்கிலி. இப்போது அதை வெட்டு. முதலில் கேட்டலேஸ் போட்டு மிச்சப் பெராக்சைடை அழி, இல்லாவிட்டால் வினை ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் பிஎச்சை 5 பக்கம் இறக்கி ஹையலுரோனிடேஸ் போடு. கால்நடை விரையிலிருந்து எடுத்த நொதி சங்கிலியைப் பெரும்பாலும் நான்கு, ஆறு சர்க்கரைத் துண்டுகளாக நறுக்கும். சின்னத் துண்டு வேகமாகச் சுழலும், கோடு கூர்மையாகும். முழுக்க இருட்டில், ஆர்கானுக்கு அடியில். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்.

மீனலை (ஞாயிறு, மாலை 4:15)

இரண்டு மணி நேரத்தில் மேடு கரைந்து கோடுகள் எழுந்தன. முக்கியமாக 15.5 காஸ் மூன்று கோடு. அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் சின்னதாக இன்னொரு ஜோடி, ஒரு ஹைட்ரஜன் பிளந்தது போல. 17.1 தனியாக, எளிதில் கழித்துவிடும்படி நிற்கிறது.

மூன்று கோடு என்றால் வளையக் கார்பன். 5ஆம் கார்பன் என்று எழுதலாமா? குளுக்குரோனிக் அமிலத்தின் 5ஆம் கார்பனில் எலக்ட்ரான் இருந்தால் பக்கத்து 4ஆம் கார்பனின் பிணைப்பு அறுந்து சங்கிலி உடையும் என்று படித்தேன். பாகுத்தன்மை விழுவதற்கும் அது பொருந்துகிறது.

துடிப்பு (ஞாயிறு, இரவு 7:00)

முதலில் வாழ்த்துகள், உண்மையிலேயே நல்ல வேலை. ஆனால் 5 என்று எழுத வேண்டாம். பொருந்துகிறது என்பது வேறு, நிரூபணம் வேறு. 3ஆம் கார்பனில் உட்கார்ந்தாலும் அதே 4ஆம் கார்பனின் பிணைப்பு அறும். 1ஆம் கார்பனில் உட்கார்ந்தால் இணைப்பு ஆக்சிஜனுக்கு அப்பால் உடையும்.

பழைய_ஸ்பெக்ட்ரம் (ஞாயிறு, இரவு 9:25)

துடிப்பு சொல்வதை ஏற்கிறேன். வளையத்தில் 1 முதல் 5 வரை ஒவ்வொரு கார்பனிலும் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான். ஹைட்ராக்சில் அதைப் பிடுங்கிவிட்டால் அங்கே ஹைட்ரஜனே மிச்சமில்லை. ஐந்தில் எது பிடிபட்டாலும் எம்என்பி அதே மூன்று கோட்டைத்தான் காட்டும். அந்தச் சின்ன ஜோடிதான் உனக்குக் கிடைத்த உண்மையான புதுச் சேதி. ஒரு ஹைட்ரஜன் மிச்சமுள்ள கார்பன், அசிட்டைல்குளுக்கோசமீனின் 6ஆம் கார்பனாக இருக்க வாய்ப்பு அதிகம். குளுக்குரோனிக் அமிலத்தில் 6ஆவது கார்பாக்சிலேட், அங்கே பிடுங்க ஹைட்ரஜன் இல்லை. வளையம் திறந்துகொண்ட துண்டாகவும் இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுது.

அடுத்த தடவை குளுக்குரோனிக் அமிலத்தைத் தனியாகவும், அசிட்டைல்குளுக்கோசமீனைத் தனியாகவும் இதே நிலையில் ஓட்டு. அந்த ஜோடி இரண்டாவதில் மட்டும் வந்தால் 6ஆம் கார்பன் என்ற பக்கம் வலுப்படும். இரண்டிலும் வந்தால் திறந்த வளையம்.

மீனலை (ஞாயிறு, இரவு 11:05)

சரி ஐயா. "வளையக் கார்பன் மையத் தனி உறுப்புகள், இடம் பிரித்தறியப்படவில்லை" என்று திருத்திவிட்டேன்.

இன்னொரு கேள்வி மனதை அரிக்கிறது. நான் ஆர்கானில் செய்கிறேன். அம்மாவின் முழங்காலில் ஆக்சிஜன் உண்டே?

ஓட்ஸ்கஞ்சி (திங்கள், காலை 6:40)

உண்டு, அங்கே கதை நீளும். கார்பன் உறுப்பு பெராக்சில் ஆகும். பக்கத்தில் ஹைட்ராக்சில் தொகுதி இருந்தால் அது சூப்பராக்சைடை (ஓர் எலக்ட்ரான் கூடுதலாக உள்ள ஆக்சிஜன்) கழற்றிவிட்டுக் கார்பனைல் ஆகும். அந்தச் சூப்பராக்சைடு மறுபடி பெராக்சைடாகி, இரும்பைச் சந்தித்தால் அடுத்த ஹைட்ராக்சில். 1974-இல் மெக்கார்டு மூட்டுத் திரவத்தில் சூப்பராக்சைடு உண்டாக்கியபோது பாகுத்தன்மை விழுந்தது, சூப்பராக்சைடை நீக்கும் நொதியான சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் போட்டபோது காப்பாற்றப்பட்டது. ஆக்சிஜன் இல்லாமல் நீங்கள் பார்ப்பது அந்தச் சங்கிலி வினையின் முதல் படி. அதைத் தெளிவாகப் பார்த்த பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, 15.5 காஸ் கோடு எந்த அளவில் மறைகிறது என்று எடுங்கள். அதையே ஒரு வரைபடமாகப் போடலாம்.

மீனலை (திங்கள், இரவு 9:30)

அடுத்த முறை கருவி 19ஆம் தேதி. இரண்டு சர்க்கரையும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். மங்கலான சிவப்பு விளக்கும் மாட்டியாயிற்று. படங்களை இதே இழையில் போடுகிறேன்.